பால் திரியாத வீடு

புயல் போன மூன்றாம் நாள் காலையில் செம்பாளங்காட்டில் இருந்த பாலெல்லாம் திரிந்துபோயிருக்க, ஜெயக்கொடியின் பக்கத்தில் ஒரு தூக்குவாளியில் இருந்த பால் மட்டும் கறந்தபடியே இருந்தது. அவள் புருஷன் வைத்திலிங்கத்தை எரித்த இடத்தில் தெளிப்பதற்காக, அப்புறம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று முதல் நாளே யாரோ வாங்கிவந்து அவள் அருகில் வைத்துவிட்டு மறந்துபோன பால் அது. வைத்திலிங்கத்தின் அக்கா தையல்நாயகி, பால் கெட்டிருக்கும், விழுந்து கிடக்கிற இளநீரில் ஒன்றைச் சீவித் தெளித்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு விரலை விட்டாள். வெளியே எடுத்து அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் ஐஸ்தண்ணீர்போல் சில்லிட்டிருந்தது.

"பால் நல்லாத்தான் இருக்கு," என்று வாசலில் காத்திருந்த ஆம்பளைகளிடம் சொன்னாள். "எடுத்துட்டுப் போங்க."

யாரும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. கேட்கிற சக்தி ஊருக்கு அப்போது இல்லை. நான்கு மைல் தள்ளியிருந்த கடலிலிருந்து ஒரு வள்ளம் கிளம்பி வந்து பள்ளிக்கூடத்து மைதானத்தில் உட்கார்ந்திருந்தது, பள்ளிக்கூடத்துக் கூரைத்தகடு ஒன்று பிள்ளையார் கோயில் அரசமரத்தில் துணி காயப்போட்டதுபோல் தொங்கியது, அந்த அரசமரமும் மறுநாள் சாய்ந்தது. ஒரே விடியற்காலையில் ஊரில் இருந்த தென்னைகளெல்லாம் மேற்கே தலை வைத்துப் படுத்துவிட்டன, கரண்டு கம்பங்கள் இடுப்பொடிந்து வயலில் கிடந்தன, டிரான்ஸ்பார்மர் குளத்துக்குள் போய்விட்டது, கரண்டு வர ஒரு மாதமாவது ஆகும் என்று சைக்கிளில் வந்த யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். நிழல் என்று ஒன்று ஊரில் இல்லாமல் போனதால் கார்த்திகை வெயில் சித்திரை வெயில்போல் அடித்தது. இத்தனைக்கும் நடுவில் ஒரு வாளிப் பால் கெடாமல் இருந்ததை நல்லது என்று எடுத்துக்கொண்டு போய்த் தெளித்துவிட்டு வந்தார்கள்.

வைத்திலிங்கம் அந்த விடியற்காலையில் மாட்டை அவிழ்த்துவிடப் போனவன். கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு தென்னை அவன்மேல் விழுந்தது. மாடு அதற்கு முன்னாலேயே முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய் வாய்க்கால் மேட்டில் நின்றிருக்கிறது, அதன்மேல் ஒரு கீற்றுகூட விழவில்லை. சுடுகாட்டுப் பாதையில் கிடந்த மரங்களை அறுத்துத் தள்ள ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளும் ஜெயக்கொடி கூடத்துச் சுவரில் சாய்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐஸ் பெட்டி கொண்டுவர வழியும் இல்லை, கொண்டுவந்தாலும் சொருகக் கரண்டு இல்லை. ஆனாலும் உடம்பு கெடவில்லை. மழைக்குளிர்ச்சி என்று நினைத்தார்கள்.

அவள் அழவில்லை. அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்து, சட்டென்று கையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தபோது அவர்கள் ஏன் தள்ளிப்போகிறார்கள் என்று அவள் நினைத்துப் பார்க்கக்கூட இல்லை. கொசு வந்து கையில் உட்கார்ந்தது, கடிக்காமல் எழுந்து போனது. அதைப் பார்த்தாள். அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதையும் பார்த்தாள். தொண்டைக்குக் கீழே எதுவும் அவளுடையதாக இல்லை. அவன் வெளியே போகுமுன் அவள் அவனிடம் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் நெஞ்சுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது, அதைச் சுற்றித்தான் குளிர் கட்டத் தொடங்கியது என்பது அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் வைத்தியம் பார்த்தார்கள். சாம்பலைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார்கள், சாம்பல் ஆறியது. செங்கல்லைச் சுட்டுக் காலடியில் வைத்தார்கள், செங்கல் ஆறியது. சுக்குக் கஷாயத்தை வாயருகே கொண்டுபோனால் ஆவி நின்றுவிட்டது. துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர், தடுப்பூசிப் பெட்டியில் வைக்கிற தெர்மாமீட்டரை அவள் மடியில் வைத்துப் பத்து நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்து, "நாலு டிகிரி. நாடி இருக்கு, மூச்சு இருக்கு, பேச்சுக் கேட்டா திரும்பிப் பாக்குறாங்க. நான் எங்கன்னு எழுதி அனுப்ப?" என்று கேட்டாள். எங்கும் எழுதி அனுப்பவில்லை. பாதையும் இல்லை. ஐந்தாம் நாளுக்குள், ஜெயக்கொடிக்குத் துக்கம் குளிராக வந்திருக்கிறது என்று ஊர் முடிவுசெய்துகொண்டது. அதற்குமேல் யோசிக்க ஊருக்கு நேரம் இல்லை, குடிதண்ணீருக்கு அடிபம்பில் வரிசை நிற்க வேண்டியிருந்தது.

ஆறாம் நாள் ரோட்டில் மரம் எடுத்தார்கள். டீக்கடை முருகையன் வந்தான்.

"அக்கா, தப்பா நினைக்கக் கூடாது. பால் பாக்கெட்டு வர ஆரம்பிச்சிருச்சு. காலையில வாங்குறது மத்தியானத்துக்குள்ள திரிஞ்சுபோவுது. ஒரு பத்துப் பாக்கெட்ட ஒங்க பக்கத்துல வச்சுட்டுப் போவட்டுமா?"

"வையி," என்றாள் ஜெயக்கொடி. அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

பால் சாயங்காலம்வரை நின்றது, மறுநாளும் நின்றது. அதற்கடுத்த நாள் மேலத்தெரு கஸ்தூரி வந்தாள். கஸ்தூரியின் புருஷன் சிங்கப்பூரில் இருந்தான். மகள் யாழினிக்கு எட்டு வயது, நான்கு வயதிலிருந்தே சர்க்கரை, காலையும் மாலையும் இன்சுலின் போட்டால்தான் பிள்ளை எழுந்து நடக்கும். மூன்று மாதத்துக்கு வாங்கிவைத்திருந்த குப்பிகள் டிபன் பாக்ஸில் இருந்தன.

"ஃபிரிட்ஜ் இல்லாம பானைத் தண்ணிக்குள்ள வச்சிருந்தேங்க்கா. பானைத் தண்ணியே சுடுது." டிபன் பாக்ஸைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "கெட்டுப்போச்சுன்னா வேற வழி இல்லக்கா."

ஜெயக்கொடி கையை நீட்டி வாங்கி முந்தானைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். எஸ்தர் தடுப்பூசிகளைக் கொண்டுவந்தாள். ஜெனரேட்டர் வண்டி வந்த அன்றைக்கு ஊரே ஊறவைத்து அரைத்த இட்லி மாவு, ஏழெட்டுச் சட்டியில், யார் சட்டி யாருடையது என்று தெரிய விளிம்பில் நூல் கட்டிக்கொண்டு வந்தது. பூக்காரி முல்லைப்பந்தை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள், புருஷனைப் பறிகொடுத்தவள் முன்னால் பூவை வைப்பதா என்று ஒருத்தி கேட்க, தலையிலா வைக்கிறோம், தரையில்தானே என்று இன்னொருத்தி சொல்ல, அதுவும் சரியென்று ஆனது. கூடத்தில் பள்ளிக்கூடத்து பெஞ்சு இரண்டைக் கொண்டுவந்து அவளைச் சுற்றிப் போட்டார்கள். மருந்து மடியில், பால் வலப்பக்கம், மாவு இடப்பக்கம் என்று யாரும் உத்தரவு போடாமலே ஒரு ஒழுங்கு வந்தது. உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு, "வர்றேன் ஜெயக்கொடி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் தலையசைத்தாள்.

ஒழுங்கு வந்ததும் கட்டுப்பாடும் வந்தது. அவள் எதிரில் அழக்கூடாது. வைத்திலிங்கம் பெயரை எடுக்கக்கூடாது. துக்கம் கேட்க வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர்களை வாய்க்கால் பாலத்திலேயே நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்து, விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவை ஒருத்தி துடைக்கிற சாக்கில் எடுத்து அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்தாள். பதினாறாம் நாள் கருமாதியைக் குளத்தங்கரையிலேயே முடித்தார்கள். அவளை அழைக்கவில்லை. தாலி வாங்குகிற சடங்கை நடத்தினால் எந்தக் கல்லும் கரைந்துவிடும் என்று பயந்து, அதைக் கரண்டு வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டார்கள். தாலி அவள் கழுத்திலேயே கிடந்தது, அதன்மேல் பனி பூத்திருந்தது. கருமாதி முடிந்து தீட்டுக் கழிந்ததால் பதினேழாம் நாளிலிருந்து இறாலும் கெண்டையும் வர ஆரம்பித்தன.

இதெல்லாம் அன்பில்லாமல் செய்தது என்று சொல்ல முடியாது. மூன்று வேளையும் யாராவது அவளுக்குச் சோறு கொண்டுவந்தார்கள். தலைவாரிப் பின்னிவிட்டார்கள். இந்தப் புண்ணியவதி இல்லாவிட்டால் யாழினி என்ன ஆகியிருப்பாள் என்று அடிபம்பு வரிசையில் பேசிக்கொண்டார்கள். ஜெயக்கொடி எல்லாவற்றையும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து கேட்பதுபோல் கேட்டாள். வேண்டியிருக்கிறோம் என்பது தெரிந்தது, அது இதமாகவும் இல்லை, பாரமாகவும் இல்லை. யாழினி காலையும் மாலையும் வந்து அவள் மடியிலிருந்து குப்பியை எடுக்கும்போது, "பெரியம்மா, ஜில்லுன்னு இருக்கீங்க," என்று சொல்லும். "அப்படியா," என்பாள்.

தையல்நாயகிக்குத்தான் பொறுக்கவில்லை. தம்பி செத்த அன்றைக்குப் பக்கத்து ஊரிலிருந்து விழுந்த மரங்களின்மேல் ஏறி இறங்கி நடந்து வந்தவள், திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டிருந்தாள். அழ வேண்டும்போல் வந்தால் கொல்லைக்குப் போய், அங்கேயும் சத்தம் கேட்கும் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தம்பி படுத்திருந்த இடத்தில் இறால் சட்டி இருந்தது.

"எந்தம்பி செத்து இருவது நாளாச்சு," என்று ஒருநாள் எஸ்தரிடம் சொன்னாள். "அவன் ஊட்டுக்குள்ள ஒரு பொட்டுக் கண்ணீர் வுழல. கட்டுனவளும் அழல, என்னையும் அழவுடல. கல்லு நெஞ்சுக்காரி."

எஸ்தர் கையில் தெர்மாமீட்டர் இருந்தது. ஒரு டிகிரி காட்டியது.

குளிர் நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டாம் நாள் பால் பாக்கெட்டுகள் செங்கல்லாக இறுகிவிட்டன. முருகையன் அவற்றைக் கத்தியால் வெட்டிப் பாத்திரத்தில் போட்டான், அதில் அவனுக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் இருபத்து மூன்றாம் நாள் காலை இன்சுலின் குப்பி ஒன்று உறைந்திருந்தது. எஸ்தர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒறைஞ்சா முடிஞ்சுது. எளக்கிப் போட்டாலும் வேலை செய்யாது," என்றாள். பிறகு ஜெயக்கொடியின் மணிக்கட்டைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எண்ணினாள். வெளியே வந்து, "நாடி முப்பதுக்கு வந்துருச்சு. இப்படியே போனா நின்னுரும்," என்று சொன்னாள்.

டீக்கடையில் கூடினார்கள். அழாவிட்டால் ஜெயக்கொடி இறந்துபோவாள். அழுதுவிட்டால் குளிர் போய்விடும், கம்பம் நடுகிறவர்கள் இன்னும் வடக்கே மூன்று ஊர் தள்ளித்தான் இருந்தார்கள். கடைசியில், அவளைக் கொஞ்சமாக அழவைப்பது என்று முடிவானது. இரண்டு, மூன்று டிகிரி ஏறினால் போதும். முருகையனே போய் அவள் எதிரில் உட்கார்ந்து, புயலில் செத்துப்போன தன் வெள்ளாட்டைப் பற்றி, அது சினையாக இருந்ததைப் பற்றி, அவன் கூப்பிட்டால் அது எப்படித் திரும்பிப் பார்க்கும் என்பதைப் பற்றிச் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே குரல் கம்மியது. ஜெயக்கொடி முழுக்கக் கேட்டாள்.

"பாவம்," என்றாள்.

தெர்மாமீட்டர் அசையவில்லை.

மறுநாள் காலை பத்து மணிவாக்கில் கஸ்தூரி வந்தாள். இடுப்பில் ஒரு மண்சட்டி, அதில் நனைத்த மணல். யாழினியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, ஜெயக்கொடியின் மடியிலிருந்து மிச்சக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணலுக்குள் புதைத்தாள்.

"நான் பாப்பாவ அழைச்சுக்கிட்டுத் திருச்சிக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறேங்க்கா. அங்க கரண்டு இருக்கு."

"வீட்டுச் சேதம் கணக்கெடுக்க ஆளு வருவாங்களே."

"வந்தா வரட்டும். ஓடு போனா போச்சு. இதை நான் ரோடு தொறந்த அன்னைக்கே செஞ்சிருக்கணும். ஒங்க மடியில வச்சா போதும்னு இருந்துட்டேன்."

"இனிமே இங்க வைக்க மாட்டியா?"

"மாட்டேங்க்கா."

போக எழுந்தவள் போகவில்லை. சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, ஜெயக்கொடிக்கு எதிரில், ஊரில் யாரும் இந்த இருபது நாளில் உட்காராத அளவு கிட்டத்தில் உட்கார்ந்தாள். மூச்சு புகையாக வந்தது.

"அக்கா, அன்னைக்கு அண்ணன் எதுக்கு வெளிய போனாங்க?"

பெஞ்சில் இருந்த மாவுச் சட்டிகளும் பால் பாக்கெட்டுகளும் மீனும் அப்படியே இருந்தன. ஜெயக்கொடியின் உதடு அசைந்தது. முதலில் சத்தம் வரவில்லை, அப்புறம் வந்தது.

"மாடு கத்துச்சு. போயி அவுத்து வுட்டுட்டு வாங்கன்னேன். காத்து அடங்கட்டும், இப்பப் போனா திரும்பி வர முடியாதுன்னாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம்." நிறுத்தினாள். "வாயில்லாச் சீவன கட்டிப்போட்டுட்டு ஊட்டுக்குள்ள பதுங்குற நீங்கள்லாம் ஒரு ஆம்பளையான்னு கேட்டேன். அவுங்க ஒண்ணுஞ் சொல்லல. துண்டத் தலையில கட்டிக்கிட்டுக் கதவத் தொறந்தாங்க. கதவு காத்துல சாத்திக்கிச்சு. நான்தான் உள்பக்கம் தாப்பாப் போட்டேன், தண்ணி அடிக்குதேன்னு."

கொல்லைக்கதவில் தையல்நாயகி நின்றிருந்தாள். கையில் அரிசி புடைக்கிற முறம். அவள் முறத்தைக் கீழே வைத்தாள், நிதானமாக நடந்து வந்தாள், குனிந்து ஜெயக்கொடியின் முதுகில் ஓங்கி அறைந்தாள்.

"அவன் ஒருநாளும் ஒம்பேச்சத் தட்டுனதில்லையேடி."

கஸ்தூரி தடுக்கப் பார்த்தாள். தையல்நாயகி அவளைத் தள்ளிவிட்டு இன்னொரு தரம் அறைந்தாள், இன்னொரு தரம். அவள் உள்ளங்கை குளிரில் வெந்து சிவந்தது. மூன்றாவது அறையிலோ நான்காவது அறையிலோ ஜெயக்கொடி தலையைத் தூக்கினாள்.

"வலிக்குது அண்ணி."

"வலிக்கட்டும்."

"வலிக்குது," என்று மறுபடியும் சொன்னாள், வந்திருப்பது யார் என்று அடையாளம் கண்டுகொண்டதுபோல. அப்புறம் அவளிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு வாசலில் நின்ற யாழினி ஓடி வந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது. தையல்நாயகியின் கை ஓங்கியபடியே நின்றது, பிறகு இறங்கியது. அவள் ஜெயக்கொடியின் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாயில் முந்தானையை அடைக்காமல், தம்பியைப் பெயர் சொல்லி அழுதாள். இரண்டு பேரும் ஆடி ஆடி அழுதார்கள்.

தாலியில் இருந்த பனி முதலில் கரைந்தது. பால் பாக்கெட்டுகள் வேர்த்தன. பெஞ்சுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து கூடத்தைத் தாண்டி வாசல்படியில் இறங்கித் தெருவுக்கு வந்தது. அழுகைச் சத்தம் அதற்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டிருந்தது.

ஆட்கள் வந்தார்கள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தார்கள், கையில் கூடையும் சாக்கும் இருந்தன. நூல் கட்டிய மாவுச் சட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே வந்த ஒருத்தி, சட்டியை எடுத்து இடுப்பில் வைத்தாள். அந்தப் புயலில் அவளுக்குச் சேதம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, பத்துத் தென்னை, ஒரு மாட்டுக்கொட்டகை, அதற்காக அழ நேரமும் இருக்கவில்லை. சட்டியை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து வந்தவள் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார இடம் இல்லாமல் போனதும் பெஞ்சுகளைத் தூக்கி வெளியே போட்டார்கள், பாலும் மீனும் வெயிலுக்குப் போயின. முருகையன் சாயங்கால டீக்குப் பால் எடுக்க வந்தவன், வாசலில் கொஞ்ச நேரம் நின்றான், கொண்டுவந்த கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, வெள்ளாட்டுக்காகவோ வேறு எதற்காகவோ முகத்தை மூடிக்கொண்டான். அன்றைக்கு ஊரில் அடுப்பு எரியவில்லை. கஸ்தூரி காலை பஸ்ஸை விட்டுவிட்டு மறுநாள்தான் திருச்சிக்குப் போனாள், மணல் ஈரமாகவே இருந்தது, மருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜெயக்கொடிக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாள் அனலாகக் கொதித்தது. எஸ்தர் மாத்திரை கொடுத்தாள், நாடி பார்த்துச் சரியாக இருக்கிறது என்றாள், தடுப்பூசிகளை முருகையனின் பைக்கில் ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒப்படைத்துவிட்டு வந்தாள். தாலியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. தையல்நாயகி அவளோடு பேசவும் இல்லை, அவளை விட்டுப் போகவும் இல்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தாள், நெற்றியில் ஈரத்துணி போட்டாள், துணி காய்ந்ததும் மறுபடி நனைத்துப் போட்டாள். ஊரில் பாலை மூன்று வேளையும் காய்ச்சினார்கள், அப்படியும் திரிந்தால் கொட்டினார்கள், அன்றன்றைக்கு அரைத்ததை அன்றன்றைக்கே தின்றார்கள், பிடித்த மீனுக்கு உப்பைப் போட்டுக் காயவைத்தார்கள். இதையெல்லாம் முதல் நாளிலிருந்தே செய்திருக்கலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்கும், வாய்விட்டுச் சொல்லவில்லை.

அழுத நாளிலிருந்து ஒன்பதாம் நாள் மத்தியானம், கம்பம் நட வந்திருந்த மேற்கத்தி ஊர்க்காரர்கள் தெருக்கோடியில் கடைசிக் கம்பத்தை நட்டு, கம்பியை இழுத்துக் கட்டி, மேலே இருந்தவன் கையைக் காட்ட, கரண்டு வந்தது. வெயிலில் தெருவிளக்குகள் எரிந்தன. ஒவ்வொரு வீட்டிலும் டிவி தானாகப் பேச ஆரம்பித்தது, ஃபிரிட்ஜுகள் உறும, பிள்ளைகள் தெருவில் ஓடின. ஜெயக்கொடி காய்ச்சல் விட்டு, கூடத்தில் பாயில், ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் மின்விசிறி ஒரு முக்கல் முக்கிவிட்டு மெல்லச் சுற்றத் தொடங்கியது.

தையல்நாயகி எழுந்து போய் அதை நிறுத்தினாள்.

"குளுரும்," என்றாள்.